கதவுக்கு அந்தப் பக்கம் – 14
பெட்டிச் சாவி யாரிடம்?

குழந்தைகள் இல்லங்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் யார் யார் என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. மாதம் இரண்டு முறை குழந்தைகள் நலக்குழு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு. இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். இந்த வாரம் உதவித்தொகை பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காக 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பத்தி என்னைப் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க அதை விட்டு நகர முடியவில்லை. பிள்ளைகளின் ஆலோசனைப் பெட்டியைப் பற்றிய பத்தி அது.

ஒவ்வோர் இல்லத்திலும் இப்படி ஒரு பெட்டி இருக்க வேண்டும். எங்கே? அலுவலக அறையை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் படுத்துறங்கும் அறைகளுக்குப் பக்கத்தில், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில். சாவி இருக்க வேண்டியது நிர்வாகக் குழுவின் தலைவரிடம். அந்தத் தலைவர் இல்லத்தின் ஆள் அல்ல, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். வாரம் ஒருமுறை அவரோ அவர் அனுப்பும் ஆளோ வர வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளே இருக்கும் குழந்தைகள் குழுவின் உறுப்பினர்களை அருகில் வைத்துக்கொண்டே பெட்டியைத் திறக்க வேண்டும்.

இதை எழுதியவர் யாரோ, அவருக்குப் பிள்ளைகளின் பயம் தெரிந்திருக்கிறது. பெட்டியில் கடிதம் போடும் சிறுவனை யாரும் கவனிக்கக் கூடாது. அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அவனை அடித்தவர் அந்தக் கடிதத்தை முதலில் படித்துவிடக் கூடாது. அதனால் சாவி வெளியாளிடம். போட்ட கடிதத்தைப் பாதி வழியில் யாரும் கிழித்துவிடக் கூடாது. அதனால் பிள்ளைகளின் கண்ணெதிரே திறப்பு. அரசு விதிகளில் இத்தனை கரிசனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

விதி இப்படி இருக்க, நடப்பு என்ன? தென் மாவட்டத்தில் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தபோது பெட்டியைக் காட்டச் சொன்னேன். கண்காணிப்பாளரின் மேசைக்கு மேலே, சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. “சாவி எங்கே சார்?” என்று கேட்டதும் தன் இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினார். நல்ல மனிதர்தான். எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் பெட்டியைத் திறந்தும் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. “எங்க பசங்களுக்கு ஒரு குறையும் கிடையாது சார்” என்றார். மனதார நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இப்போது பீகாருக்கு வருவோம். 2017-இல் அம்மாநில சமூக நலத்துறை தன் கீழ் இயங்கும் இல்லங்களைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ‘கோஷிஷ்’ குழுவிடம் ஒப்படைத்தது. அரசே முன்வந்து வெளியாளைக் கூப்பிட்டது என்பதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். குழு 110 இல்லங்களுக்குப் போனது. பதிவேடுகளோடு நிற்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. பாகல்பூர் சிறுவர் இல்லத்தில் பெட்டியைத் திறந்தபோது ஊழியர்களின் அடி உதையை விவரித்துப் பிள்ளைகள் எழுதிப்போட்ட கடிதங்கள் உள்ளே இருந்தன. விதிப்படி யாராவது வாராவாரம் திறந்திருந்தால், இந்தக் குழு வரும்வரை அவை அங்கே கிடந்திருக்குமா? அந்தப் பிள்ளைகள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி எழுதிப்போடுவது, எழுதினார்கள். முங்கேரில் ஒரு சிறுவன் கன்னத்திலிருந்த மூன்று அங்குலத் தழும்பைக் காட்டி, கண்காணிப்பாளருக்குச் சமைக்க மறுத்ததற்குக் கிடைத்தது என்றான்.

முசாஃபர்பூர் சிறுமிகள் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்ததும் இந்தக் குழுவின் தணிக்கை அறிக்கையால்தான். அங்கே சிறுமிகளுக்குத் திறந்த வெளி என்பதே கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் அறையை விட்டு வெளியே வர முடியும் என்று தணிக்கைக் குழு எழுதியது. அறிக்கை ஏப்ரல் 2018-இல் கைக்கு வந்தும் மே 31 அன்றுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. பிறகு மத்தியப் புலனாய்வு, வழக்கு டெல்லி சாகேத் நீதிமன்றத்துக்கு மாற்றம். ஜனவரி 2020-இல் இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாக்குர் உள்ளிட்ட 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பத்தொன்பது பேரில் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் தலைவரும் ஒருவர். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் உண்டு. மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கும் கடமை நலக்குழுவுக்கு இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அந்தக் குழுவின் தலைவர்!

ஆகவேதான், ஆய்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2021-இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தி மாவட்ட ஆட்சியருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஆட்சியர் தலையில் ஏற்கெனவே ஆயிரம் வேலை. கோப்பு அவர் மேசைக்கு வந்து சேரும். பிள்ளையின் குரல் வந்து சேருமா? இல்லத்து ஆட்கள் அறையில் இல்லாமல் பிள்ளையோடு பேசும் வெளியாள் வேண்டும். அப்படிப்பட்டவர் வருடா வருடம் வர வேண்டும். அவர் எழுதும் அறிக்கை மறைக்கப்படாமல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லங்களின் சமூகத் தணிக்கையை நாடு முழுவதும் நடத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகூர் அமர்வு வழங்கியது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரைதான் 2007-இல் அது வழக்காகக் காரணம். ஒரு கட்டுரை, பத்தாண்டு வழக்கு, இந்தியா முழுமைக்குமான உத்தரவு. இல்லங்கள் எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கெடு வைத்தது. அந்தச் சமயத்தில் மத்திய அரசு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் இருந்தன. மாநிலங்களில் தமிழ்நாட்டில்தான் அதிகம். தணிக்கையைப் பற்றி வேறு எவரையும்விட நாம்தான் அதிகம் பேச வேண்டும்.

உதவித்தொகைக்கு இந்த வாரம் இடமில்லாமல் போய்விட்டது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பவர்கள் ஏராளம். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுத்து வீட்டிலேயே வளர்க்க வழி இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்க ஒரு தாய் எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். இல்லங்களில் வளர்ந்த வாசகர்கள் அதற்குள் கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும். உங்கள் இல்லத்தில் பெட்டி எங்கே இருந்தது, யார் திறந்தார்கள் என்று இரண்டு வரி போதும்.

(தொடரும்)