இருதய நரம்பைப் படம் பிடித்தால் ஆபத்து முன்கூட்டியே தெரியுமா?

மாரடைப்பு வந்து பிழைத்தவர் வீடு திரும்புகிறார். நன்றாக நடமாடுகிறார். சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் பேசிக் கொண்டிருக்கும்போதே சாய்ந்து விடுகிறார். உயிர் போய் விடுகிறது.

இப்படிப்பட்ட சாவுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றில் பலவற்றுக்குக் காரணம், இருதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி விடுவதுதான்.

இந்த ஆபத்து யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இருதய நரம்புகளைப் படம் பிடித்து இதைக் கண்டறிய டாக்டர்கள் முயன்று வருகிறார்கள்.

தேர் வடம்

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் தேர் மாசி வீதிகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் நின்று விடும்.

இருதயமும் அப்படித்தான். அது ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதன் தசைகள் சேர்ந்து சுருங்க வேண்டும். ஒழுங்கு தப்பினால் இரத்தம் வெளியே போகாது. சில நிமிடங்களில் மரணம்தான்.

நரம்பு அழிந்தால்...

பயந்தாலும் ஓடினாலும் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? வேகமாகத் துடிக்கும்படி இருதயத்துக்கு உத்தரவு கொண்டு வருபவை நரம்புகளே.

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிறது. அங்குள்ள நரம்புகளும் அழிகின்றன. தழும்பை அடுத்து உயிரோடு இருக்கும் தசை கூட நரம்பை இழந்து விடுகிறது.

இதனால் ஒரு பகுதிக்கு உத்தரவு போகிறது. பக்கத்துப் பகுதிக்குப் போவதில்லை. துடிப்பு தடம் புரள இது ஒரு காரணம் ஆகிறது.

படம் எடுப்பது எப்படி?

இதற்குக் கத்தி வேண்டாம். எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்தைக் கை இரத்தக் குழாயில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதில் கதிர்வீசும் அயோடின் சிறிதளவு சேர்ந்திருக்கும். உயிருள்ள இருதய நரம்புகள் அந்த மருந்தை உள்ளே இழுத்துக் கொள்ளும். செத்த நரம்புகள் இழுப்பதில்லை.

சுமார் 4 மணி நேரம் கழித்து, கதிரைக் காணும் காமிராவினால் படம் எடுக்கிறார்கள். நரம்பு உள்ள இடம் பிரகாசமாகத் தெரியும். இல்லாத இடம் மங்கிக் கிடக்கும்.

இந்த அயோடின் 13 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து விடும். ஆகவே, தயாரித்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

204 பேர் பரிசோதனை

இதே போன்ற வேறு ஒரு மருந்தைக் கொண்டு, அமெரிக்காவில் பஃபலோ நகர டாக்டர்கள் 204 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. எல்லோரும் இருதயம் பலவீனமானவர்கள்.

நரம்பு அதிகமாக அழிந்தவர்களில், வருஷத்துக்கு 100-க்கு 7 பேர் வீதம் இருதயம் திடீரென்று நின்றது. குறைவாக அழிந்தவர்களில் 100-க்கு 1 பேருக்குத்தான் அப்படி ஆனது!

இதனால் என்ன பயன்?

துடிப்பு தாறுமாறானால் உடனே "ஷாக்" கொடுத்துச் சரி செய்யும் கருவி ஒன்று உண்டு. உடம்புக்குள் வைக்கும் அந்தக் கருவியை, 1980-ல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இருதயத்தின் பலம் 100-க்கு 35-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் இந்தக் கருவியைச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் அதைப் பொருத்திக் கொண்ட பலருக்கு, அது ஒரு தடவைகூட ஷாக் கொடுக்க வேண்டி வருவதில்லை. பலம் குறையாத சிலரோ திடீரென்று இறக்கிறார்கள்.

கருவியின் விலை சில லட்சம் ரூபாய். நிலத்தை அடகு வைக்கும் குடும்பத்துக்கு, "இவருக்குக் கட்டாயம் வேண்டும்", "இவருக்கு அவசரம் இல்லை" என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு உதவி!

ஆனால் அந்த நிலை இன்னும் வரவில்லை. 2013-ல் அமெரிக்க அரசு எம்.ஐ.பி.ஜி. படத்துக்கு அனுமதி தந்தது. எனினும், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அது உதவும் என்று நிரூபணம் ஆகவில்லை என்றும் எச்சரித்தது.

சென்னையில் படித்தவர்

இருதய நரம்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர் டாக்டர் கல்யாணம் சிவகுமார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் துடிப்புக் கோளாறு மையத்துக்குத் தலைமை தாங்கினார்.

மருந்துக்கு அடங்காத துடிப்புக்கு, மார்புக்குள் நரம்பை வெட்டும் சிகிச்சையை அவரது குழுவினரும் வேறு நாட்டு டாக்டர்களும் ஆராய்ந்தார்கள். 121 நோயாளிகளைப் பற்றிய முடிவு 2017-ல் வெளிவந்தது. 100-க்கு 58 பேர், ஒரு வருஷம் வரை ஆபத்தான துடிப்போ ஷாக்கோ இல்லாமல் இருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

மாரடைப்பு வந்தவருக்கு மயக்கமோ, காரணம் இல்லாத படபடப்போ ஏற்பட்டால், "பித்தம்" என்று விட்டு விடாதீர்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ, அருகில் உள்ள வேறு ஆஸ்பத்திரியிலோ உடனே காட்டுங்கள்.

துடிப்பை அடக்கத் தரும் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஒருவர் திடீரென்று விழுந்து, பேச்சும் மூச்சும் இல்லாமல் கிடந்தால், 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை நடு மார்பில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள்.

மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும், வண்டி வருவதற்குள் உயிரைப் பிடித்து வைக்கக் கூடியவை பக்கத்தில் இருப்பவரின் கைகள்தான்!