ஹோரோவிட்ஸின் மாஸ்கோ கச்சேரியும் அதன் ரசிகர்களும்

மேற்கத்தியச் செவ்வியல் இசையின் தலையாய வாத்தியமாகப் போற்றப்படும் பியானோவுக்கு அடிப்படையான ஒரு குறை உண்டு. விசையை அழுத்தியதும், கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று உள்ளே மேலெழுந்து, இறுக்கிக் கட்டப்பட்ட எஃகுத் தந்தியை அடித்துவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. அடி விழுந்த கணத்தில் ஓங்கி ஒலிக்கும் நாதம் அதன்பின் தேய்ந்துகொண்டே போய் அடங்குமே தவிர, வாசிப்பவர் எவ்வளவு முயன்றாலும் அதை மீண்டும் வளர்க்க இயலாது. வயலின் கலைஞர் வில்லின் அழுத்தத்தாலும் பாடகர் மூச்சாலும் ஒரே ஸ்வரத்தைச் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்க முடியும். வீணை வாசிப்பவர் தந்தியை இழுத்துக் கமகம் காட்ட முடியும். பியானோவில் இவை எதற்கும் இடமில்லை என்பதோடு, சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுவதால், அது எவ்வளவு வேகத்தில் சென்று அடிக்க வேண்டும் என்பது மட்டுமே விரலின் வசத்தில் இருக்கிறது.

அப்படியிருந்தும் பெரும் கலைஞர் ஒருவர் வாசிக்கையில் பியானோ பாடுவதாகவே ரசிகர்கள் உணர்கிறார்கள். இது செவியில் நேரும் ஒருவகை மயக்கம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் நான்கைந்து ஸ்வரங்களில் மெட்டுக்குரிய ஒன்றை மட்டும் சற்று வலுவாக அடித்து மற்றவற்றை அடக்கி வைப்பது, தேய்ந்துவரும் ஸ்வரத்தின் மிச்ச ஒலி எந்த அளவில் நிற்கிறதோ அந்த அளவிலேயே அடுத்த ஸ்வரத்தைத் தொடங்கி இரண்டும் ஒட்டியிருப்பதுபோலத் தோன்றச் செய்வது, அதிர்வை நிறுத்தும் கட்டைகளைத் தந்திகளைவிட்டு உயர்த்திப் பிடிக்கும் வலது மிதியைக் காலால் நுட்பமாகக் கையாள்வது, ஒரு ஸ்வரத்தை எதிர்பார்த்த கணத்துக்கு மயிரிழை பிந்தி ஒலிப்பது ஆகியவை இம்மயக்கத்துக்கான வழிகள். கேட்பவரின் மனமே இடைவெளிகளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே பியானோ இசையில் உருகும் ரசிகர் அந்த இசையை ஆக்குவதில் ஓரளவு பங்காளியாகவும் இருக்கிறார். 1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோ இசைக்கல்லூரியின் பேரரங்கில் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் அளித்த கச்சேரியைப் போல இந்தப் பங்கைத் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சிகள் குறைவு.

ஹோரோவிட்ஸ் 1903-இல் கீவ் நகரில் பிறந்து அங்குள்ள இசைக்கல்லூரியில் பயின்றவர். அவருடைய ஆசிரியர் ஃபெலிக்ஸ் புளூமென்ஃபெல்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவின் மாபெரும் பியானோ கலைஞரான அன்டன் ரூபின்ஸ்டைனின் வாசிப்பு மரபில் வந்தவர். அதே புளூமென்ஃபெல்டின் சகோதரி மகனான ஹைன்ரிக் நாய்ஹவுஸ் பிற்காலத்தில் மாஸ்கோவில் ஆசிரியராக அமர்ந்து எமில் கிலெல்ஸ், ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் போன்றோரை உருவாக்கினார். இந்த உறவுமுறை வெறும் வம்சாவளிச் செய்தி அன்று. மாஸ்கோவின் ரசிகர்கள் இரண்டு தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய வாசிப்பு முறையின் இன்னொரு கிளை, அவர்கள் காதுக்கு எட்டாத தொலைவில், அமெரிக்காவில் வளர்ந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள். புரட்சிக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் வயலின் கலைஞர் நாதன் மில்ஸ்டைனோடு ஊர் ஊராகச் சென்று, சில வேளைகளில் பணத்துக்குப் பதிலாக உணவுப் பண்டங்களையே சன்மானமாகப் பெற்று வாசித்த ஹோரோவிட்ஸ், 1925-இல் மேற்படிப்பு என்ற பெயரில் பெர்லின் சென்றார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சொந்த மண்ணில் கால் வைக்கவில்லை. அவருடைய தந்தை ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாமில் மாண்டார்.

1928 ஜனவரியில் நியூயார்க்கில் சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோவை, அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் எதிரும் புதிருமாக வாசிக்கும் நெடும்படைப்பை, வாசித்த நாள் முதல் அவருடைய விரல்வேகமும் இடிபோன்ற முழக்கமும் பேச்சுக்குரியனவாயின. ஆனால் மேடைமீது அவருக்கிருந்த அச்சமும் உடல் மனத் தளர்ச்சியும் அவரை நான்கு முறை அரங்கத்தைவிட்டே விலகச் செய்தன. அவற்றுள் நீண்டது 1953 முதல் 1965 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள். அந்த விலகல் முடிந்து கார்னகி ஹாலில் அவர் வாசிக்கப்போகிறார் என்றதும் சீட்டு வாங்க ரசிகர்கள் இரவு முழுவதும் தெருவில் வரிசையாகக் காத்துக்கிடந்தனர். அவருடைய மனைவியும் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் மகளுமான வாண்டா, அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்றைய கச்சேரி தொடங்கிய சில கணங்களிலேயே ஸ்வரம் பிசகியது. அரங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை.

விமர்சகர்கள் எல்லாரும் அப்படிப் பொறுத்துக்கொண்டவர்கள் அல்லர். அமெரிக்க இசையமைப்பாளரும் விமர்சகருமான வர்ஜில் தாம்சன் 1940-களிலேயே ஹோரோவிட்ஸைத் திரிப்பதிலும் மிகைப்படுத்துவதிலும் வல்லவர் என்று இடித்துரைத்திருந்தார். இக்குற்றச்சாட்டு முழுவதும் பொய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இசையமைப்பாளர் தாளில் எழுதியதைவிட அந்தக் கணத்தில் தம் காதுக்கு எது சரியெனப் பட்டதோ அதற்கே அவர் முதலிடம் தந்தார், சில வேளைகளில் படைப்பின் கட்டுக்கோப்பு அதனால் சிதைந்தது. 1983-இல் நிலைமை இன்னும் மோசமாயிற்று. உட்கொண்டுவந்த மருந்துகளின் விளைவாக நினைவும் விரலும் தடுமாற, அந்த ஆண்டு டோக்கியோவில் அவர் வாசித்த கச்சேரி பரிதாபமாக முடிந்தது. மீண்டும் ஒதுங்கி, மருந்துகளைவிட்டு மீண்டு 1985-இல் திரும்பியபோது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். பழைய இடிமுழக்கத்துக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. மென்மையும் வண்ண வேறுபாடும் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகியிருந்தன.

1985 நவம்பரில் ஜெனீவாவில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்ததையடுத்து அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே பண்பாட்டுப் பரிமாற்றம் புதுப்பிக்கப்பட்டது, ஹோரோவிட்ஸின் பயணத்துக்கு வழி திறந்தது. கச்சேரிக்குச் சில நாட்களுக்கு முன் அமெரிக்க விமானங்கள் லிபியாவில் குண்டு வீசியதால் உறவு மறுபடி கசந்திருந்தது. பயணம் நின்றுபோகுமோ என்ற ஐயத்துக்கிடையே அவர் மாஸ்கோ வந்து சேர்ந்தார். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள, நியூயார்க் வீட்டிலிருந்த அவருடைய சொந்த ஸ்டைன்வே பியானோவும் உடன் வந்தது. பியானோ கலைஞர்கள் பொதுவாக எந்த அரங்கில் எது இருக்கிறதோ அதையே வாசிக்கப் பழகியவர்கள். தம் வாத்தியத்தையே கடல் கடந்து கொண்டுசெல்வதை ஒரு முதியவரின் பிடிவாதமாகச் சிலர் கருதினாலும், மேற்சொன்ன மென்னொலி நுட்பம் முழுவதும் விசையின் எடையையும் எதிர்ப்பையும் விரல் முன்கூட்டி அறிந்திருப்பதையே சார்ந்தது என்பதால், அதில் நியாயம் இருந்தது.

விளம்பரம் ஏறக்குறைய இல்லை. சுமார் 1,800 பேர் அமரக்கூடிய அரங்கின் இருக்கைகளில் பெரும்பகுதி அதிகாரிகளுக்கும் தூதரகத்தாருக்கும் ஒதுக்கப்பட்டுவிட, பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை சில நூறு சீட்டுகளே. அவற்றுக்காகவும் மக்கள் இரவெல்லாம் நின்றார்கள். கச்சேரி நாளன்று, சீட்டுக் கிடைக்காத மாணவர்கள் காவலர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து மாடங்களிலும் நடைவழிகளிலும் நெருக்கியடித்து நின்றனர். அரங்கில் மிகுந்த ஆவலோடு கேட்டவர்கள் இந்த அழையா விருந்தாளிகளாகவே இருந்திருக்கலாம்.

ஸ்கார்லாட்டியின் மூன்று சிறு சொனாட்டாக்களோடு தொடங்கி, மொஸார்ட்டின் சொனாட்டா ஒன்றைத் தொடர்ந்து, ரக்மனினோவின் இரண்டு பிரெலூடுகளையும் ஸ்க்ரியாபினின் இரண்டு எட்யூடுகளையும் அவர் வாசித்தார். சொனாட்டா என்பது தனி வாத்தியத்துக்கான, கட்டமைந்த படைப்பு. பிரெலூடு ஒரே உணர்வுநிலையைச் சித்திரிக்கும் சிறு உருப்படி. எட்யூடு விரற்பயிற்சிக்கென்று தொடங்கிக் கலையாக வளர்ந்த வடிவம். ரக்மனினோவும் ஸ்க்ரியாபினும் இதே மாஸ்கோ கல்லூரியில் ஒன்றாகப் பயின்றவர்கள். ரக்மனினோவ் அமெரிக்காவில் ஹோரோவிட்ஸின் நெருங்கிய நண்பராக இருந்தவர். ஸ்க்ரியாபினிடமோ ஹோரோவிட்ஸ் சிறுவனாக இருந்தபோதே வாசித்துக் காட்டியிருந்தார். அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு ஸ்க்ரியாபினின் ரீ-ஷார்ப் மைனர் எட்யூடு மனப்பாடம். கிலெல்ஸையும் ரிக்டரையும் கேட்டுப் பழகிய செவிகள் அவை. கிலெல்ஸ் ஆறு மாதங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். ஆகவே அங்கு எழுந்த வியப்பு, வெளிநாட்டுப் புகழைக் கண்டு மலைத்த வியப்பு அன்று. தங்கள் மரபின் மிகப் பழைய குரல், புரட்சிக்கு முந்தைய காலத்தின் உச்சரிப்போடு, இசைத்தட்டின் கரகரப்பின்றி நேரில் ஒலிப்பதை விஷயம் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்ட வியப்பு அது.

எனினும் அன்றைய கச்சேரியின் நினைவாக உலகெங்கும் நிலைத்தது இந்தப் பெரிய உருப்படிகளுள் எதுவும் அன்று. கரவொலி ஓயாமல் தொடரும்போது கலைஞர் கூடுதலாக வாசிக்கும் உருப்படிகளில் முதலாவதாக, ராபர்ட் ஷூமன் 1838-இல் இயற்றிய ‘ட்ராய்மெராய்’ என்ற சிற்றிசையை ஹோரோவிட்ஸ் எடுத்துக்கொண்டார். கனவில் ஆழ்ந்திருக்கும் நிலையைக் குறிக்கும் இத்தலைப்புடைய உருப்படி, பெரியவர் ஒருவர் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்ப்பதுபோல அமைந்த பதின்மூன்று சிறு படைப்புகளின் வரிசையில் ஏழாவது. ஏறக்குறைய மூன்று நிமிடம் நீளும் இதைப் பயிற்சியின் இடைநிலையில் உள்ள பிள்ளைகளே வாசித்துவிடுவார்கள். அன்று நிகழ்ச்சியைப் படம்பிடித்த கருவி, இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண் ஒருவரின் முகத்தில் நிலைத்தது. முகத்தில் சலனம் ஏதுமில்லாதிருக்க, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தொலைக்காட்சி வழியாகப் பல நாடுகளில் பார்க்கப்பட்ட அக்காட்சி, ஹோரோவிட்ஸைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இன்றுவரை தவறாமல் இடம்பெறுகிறது.

இவ்வளவு எளிய இசைக்கு ஏன் இவ்வளவு விளைவு என்பதற்கு முதல் விடை இசைக்குள்ளேயே இருக்கிறது. இதன் மெட்டு கீழிருந்து ஒரு தாவலில் எழுந்து, சற்று நின்று, மேலும் உயர்ந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. இந்த ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்தாலும், உச்சியில் தொடும் ஸ்வரமும் அதன் அடியில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கடைசி முறை மெட்டு உச்சியை அடையும்போது, அதுவரை வராத ஒரு ஸ்வரக்கூட்டைக் கீழே வைத்து, அங்கே சற்று நிற்குமாறு ஷூமன் குறியிட்டிருக்கிறார். பல கலைஞர்கள் இந்த இடத்தை ஊதிப் பெருக்குவார்கள். மிகைப்படுத்துபவர் என்று பெயர் வாங்கிய ஹோரோவிட்ஸோ அன்று ஒலியை உயர்த்தாமல் உள்ளடக்கி, மெட்டுக்குக் கீழே ஓடும் துணைக்குரல்களில் ஒன்றை லேசாக வெளிக்கொணர்ந்து, ஒவ்வொரு திரும்பலுக்கும் வேறொரு சாயலைத் தந்தார். நாற்குரல் பாட்டுக்குழு பாடுவதுபோல எழுதப்பட்ட இசை என்பதால், எந்தக் குரலை எப்போது முன்னிறுத்துவது என்பதில்தான் இதன் கடினம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் விரலால் எட்டிவிடும் இதைப் பெரியவர்களும் செவியால் எளிதில் எட்டிவிடுவதில்லை.

இரண்டாவது விடை கேட்டவர்களிடம் இருக்கிறது, மேற்கத்தியப் பார்வையாளர்கள் பலர் இதைக் கவனிக்கத் தவறினார்கள். ஸ்டாலின்கிராட் போரில் மாண்டவர்களுக்காக வோல்காகிராட் நகரின் மமாயேவ் குன்றில் 1967-இல் திறக்கப்பட்ட நினைவுத்தலத்தில், பெயர்கள் பொறிக்கப்பட்ட வட்ட மண்டபத்துக்குள், சொற்களற்ற பாட்டுக்குழுவின் குரலில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பது இதே ‘ட்ராய்மெராய்’தான். ஜெர்மானியப் படைகளை எதிர்த்து மாண்டவர்களுக்கு ஜெர்மானிய இசையமைப்பாளரின் குழந்தைமைப் பாட்டையே இரங்கலாக வைத்தது சோவியத் நாட்டின் விந்தையான, மேன்மையான தேர்வுகளுள் ஒன்று. எனவே 1986-இல் மாஸ்கோவில் அமர்ந்திருந்த நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த மெட்டு வெறும் குழந்தைக் கனவாக ஒலித்திருக்க வாய்ப்பில்லை. அதை வாசித்தவரோ அந்த நாட்டைவிட்டு இளைஞராகச் சென்று, தந்தையை அதன் சிறைமுகாமுக்குப் பறிகொடுத்து, எண்பத்திரண்டு வயதில் திரும்பி வந்தவர். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு இசை மட்டும் தனியே அந்தக் கண்ணீரை வரவழைத்தது என்று சொல்லும் விமர்சனமும், இசையை நீக்கிவிட்டு அரசியல் சூழலே எல்லாவற்றையும் செய்தது என்று சொல்லும் விமர்சனமும் பாதி உண்மைகள். அதே சூழலில் தட்டையாக ஒருவர் வாசித்திருந்தால் அரங்கம் மரியாதையோடு கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கும்.

ஏப்ரல் 27 அன்று லெனின்கிராடில் இரண்டாவது கச்சேரி நடந்தது. அதற்கு முந்தைய நாள் கீவுக்கு வடக்கே செர்னோபில் அணு உலை வெடித்திருந்தது, எனினும் அச்செய்தி மக்களுக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. அதே ஆண்டில் டோக்கியோவுக்கும் மீண்டும் சென்று 1983-இன் தோல்வியை ஹோரோவிட்ஸ் ஈடுசெய்தார். 1987 ஜூன் 21 அன்று ஹாம்பர்க்கில் அவர் வாசித்ததே கடைசிப் பொதுக் கச்சேரியாயிற்று. அங்கு ஷூமனின் பதின்மூன்று உருப்படிகளையும் முழு வரிசையாகவே வாசித்தார். ஆதலால் ‘ட்ராய்மெராய்’ அந்த மாலையில் கரவொலிக்குக் கைம்மாறாக வரும் தனி உருப்படியாக அல்லாமல், ‘முக்கிய நிகழ்ச்சி’ என்ற உருப்படிக்கும் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருப்பதைச் சித்திரிக்கும் உருப்படிக்கும் நடுவே, ஷூமன் வைத்த ஏழாம் இடத்திலேயே ஒலித்தது.