கொல்லிமலை இறக்கம்: பிரேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்கிவிடும். சாலை நனைவதற்குள் கொல்லிமலையில் சைக்கிளில் ஏறி இறங்கிவிட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், எந்த வேகத்தில் இறங்குவது?

20 கி.மீ. என்கிறார்களே, அது போதாதா?

இந்திய சாலைகள் காங்கிரஸின் மலைச்சாலை விதிப்படி, கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். வடிவமைப்பு வேகம் குறைந்தது மணிக்கு 20 கி.மீ. வடிவமைப்பு வேகம் என்பது சாலை பத்திரமாகத் தாங்கும் வேகமாம். தளம் காய்ந்து, மணலும் ஜல்லியும் இல்லாமல், வரைபடத்தில் உள்ளபடியே இருந்தால் தாங்கும் வேகம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்குள் பிரேக் பிடித்தால் ஏன் சறுக்குகிறது?

பலகைகள் சொல்லாமல் விடும் விஷயம் இது. தரையை டயர் பிடித்துக்கொள்ளும் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்துவதைப் போல.

14 மீட்டர் ஆர வளைவில், தளத்தின் உட்சாய்வைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால், 20 கி.மீ. வேகத்தில் திரும்ப உங்கள் எடையில் சுமார் 22 சதவீத அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு வேண்டும். 30 கி.மீ. என்றால் 51 சதவீதம். 40 என்றால் 90. காய்ந்த தார்ச்சாலை தருவதே ஏறக்குறைய 70, 80 சதவீதம்தான். ஈரத்தில் அது பாதியாகவும் குறையலாம். வேகம் இரட்டித்தால் தேவை நான்கு மடங்கு ஆவதே இங்குள்ள வில்லங்கம்.

எனவே வேகமாக உள்ளே நுழைந்துவிட்டு, பயத்தில் முன் பிரேக்கை இறுக்கினால், திரும்புவதற்கே போதாத பிடிப்பில் பிரேக்கும் பங்கு கேட்கிறது. முன்சக்கரம் வழுக்குகிறது, அதற்குமேல் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திரும்பும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள்.

இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வரலாமா? கூடாது, ரிம் பிரேக் என்றால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம்.

பெடல்? வெளிப்பக்கக் கால் கீழே.

குவிகண்ணாடியை நம்பலாமா? எதிரே பேருந்து வருகிறதா என்று பார்க்க மட்டும். உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி வருவதாகக் காட்டும்.

வளைவை வெட்டிப் போகலாமா? எதிர்த்தடத்துக்குள் ஒருபோதும் கூடாது.

ஹெல்மெட் கட்டாயமா? மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளுக்குச் சொல்லவில்லை, இருந்தாலும் போடுங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: 'மெதுவாகச் செல்லவும்' என்று இன்னொரு பலகை நடுவதற்கு முன், மழை அடித்துவந்து வளைவில் சேர்க்கும் ஜல்லியைக் கூட்டித் தள்ளுங்கள்.