ஆய்வாளர் போன பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது?

வட்டாரக் கல்வி அலுவலர் வரும் நாளில் வகுப்பின் முகமே மாறிவிடும். பீரோவில் கிடந்த அட்டைகள் மேசைக்கு இறங்கும். கடைசி வரிசைப் பையனிடமும் கேள்வி போகும். திண்டுக்கல் நாகல் நகரின் நெரிசலான தெருவானாலும் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமமானாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. அப்படி ஒருவர் பார்த்து, குறிப்பெழுதி, மதிப்பிட்டுப் போவதால் பிள்ளைகளுக்குக் கணக்கு கூடுதலாக வருகிறதா?

பக்கத்து ஆந்திரத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005-06இல் 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, யார் எதில் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியர்களுக்கு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். அவ்வப்போது வகுப்புகளையும் வந்து பார்த்தார்கள். சம்பளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முடிவு 2010இல் வெளியானது. யாராவது வந்து கவனித்தபோது இந்த ஆசிரியர்கள் மற்றவர்களைவிட முனைப்பாகப் பாடம் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் தனியாக வைத்த தேர்விலோ, இந்தத் திட்டமே இல்லாத பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்களுடைய மாணவர்கள் ஒரு படிகூட முன்னேறியிருக்கவில்லை.

அப்படியானால் அறிக்கையே வீணா? அதே ஆய்வின் இன்னொரு பகுதி வேறு கதை சொல்கிறது. வேறு பள்ளிகளில் இதே அறிக்கையோடு, மாணவர் முன்னேற்றத்தைப் பொறுத்து ஊக்கத்தொகையும் தந்தார்கள். இரண்டு ஆண்டில் அங்கே கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அந்த ஆசிரியர்கள் விடுப்பெடுப்பது குறையவில்லை. ஆனால் கூடுதல் வகுப்பு, வீட்டுப்பாடம், பயிற்சித் தேர்வு, பின்தங்கியவர்மேல் தனிக் கவனம் எல்லாம் கூடின. அறிக்கை உதவியதாகச் சொன்ன ஆசிரியர்களின் மாணவர்கள் இங்கேதான் நன்றாகச் செய்தார்கள். ஊக்கத்தொகை இல்லாத பள்ளிகளில் அப்படிச் சொன்னவர்களின் மாணவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

பணம்தான் ஒரே வழி என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை ஓராண்டில் நான்கு முறை பார்த்து மதிப்பிட்டார்கள். அதில் மூன்று முறை வந்தவர், வேறு பள்ளியைச் சேர்ந்த தேர்ந்த சக ஆசிரியர். எது சரியில்லை, எப்படி மாற்றலாம் என்று அவர் விவரமாகச் சொன்னார். எரிக் டெய்லர், ஜான் டைலர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதிப்பீடு முடிந்த அடுத்த ஆண்டுகளிலும் இந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களின் கணக்கு மதிப்பெண் மேம்பட்டே இருந்தது. பார்ப்பவர் போன பிறகும் கையில் ஏதோ நின்றிருக்கிறது.

ஆசிரியருக்குப் பொருந்துவது மாணவருக்கும் பொருந்தும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் தப்புப் போட்டுச் சுழியம் கொடுத்தால் மதிப்பீடு முடிந்தது. ஆனால் விடையைக் கூர்ந்து பாருங்கள்: அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. பத்திலிருந்து கடன் வாங்கத்தான் வரவில்லை. "2-இலிருந்து 7 போகுமா? போகாதென்றால் யாரிடம் வாங்குவாய்?" என்று ஓரத்தில் எழுதினால், அடுத்த கணக்கிலேயே அது தெளிந்துவிடக்கூடும்.

ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலில் செய்த ஆய்வு இந்த ஓரக் குறிப்பின் வலுவைக் காட்டியது. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்ததும் அந்தப் பலன் போய்விட்டது. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போவதில்லை. ஆய்வாளர்கள் க்ளூகர், டெனிசி இருவரும் கருத்துச் சொல்வதன் விளைவு பற்றிய 607 அளவீடுகளை 1996இல் தொகுத்தபோது, அது பொதுவாக நன்மை தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குத் தாவும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

கருத்து வேலையைப் பற்றியதாக, வேலை நடக்கும்போதே வர வேண்டும். சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியேறி வாழும் நாகல் நகரில் இதைப் புரியவைப்பது எளிது. இழை அறுந்தால் அந்த இடத்திலேயே முடிச்சுப் போட வேண்டும். சேலை முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி தருகிறது. மதிப்பீடு அடுத்த நாள் வேலையைத் தீர்மானிக்கும் ஏற்பாடு இது. இருக்க வேண்டிய விதமும் அதுதான். செயலியில் விவரம் ஏற்றுவதோடு நின்றுவிட்டால் ஆந்திரத்துக் கதையே இங்கும் நடக்கும். எனவே பள்ளியைப் பார்க்க வருகிறவர், எத்தனை பேருக்கு மதிப்பீடு முடிந்தது என்று கேட்பதைவிட, போன தடவை அரும்பில் இருந்த பிள்ளைகளில் யார் யார் மொட்டுக்கு வந்திருக்கிறார்கள், வராதவர்களுக்கு இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கட்டும். அந்தப் பதிலுக்கு உதவாத படிவத்தை நிரப்பச் செலவாகும் நேரத்தை வகுப்புக்கே கொடுத்துவிடலாம்.