லைசென்சு கேட்காத துப்பாக்கி

குடகு என்றதும் நம்மவர்களுக்கு முதலில் காவிரி நினைவுக்கு வரும். அடுத்தது காப்பி. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் துப்பாக்கி!

நான் ரெயில்வேயில் பார்சல் குமாஸ்தா. சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரம், வெள்ளை மீசையுடன் ஒரு பெரியவர் என் ஜன்னல் முன் வந்து நின்றார். கையில் நீளமான தோல் உறை. அதைக் கூடவே பெட்டியில் எடுத்துப் போகலாமா, பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டார். பேசியது நல்ல தமிழ்.

"உள்ளே என்ன சார்?" என்றேன்.

"துப்பாக்கி. குண்டு போடவில்லை."

"லைசென்சு இருக்கிறதா?"

"இல்லை. எங்களுக்கு அது தேவையில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த ரெயில்வே பாதுகாப்புப் படை சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். பெரியவர் பதற்றப்படாமல் சட்டைப்பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்த சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

"குடகு சார். இவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது" என்றார் என்னிடம்.

வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். "உங்கள் கடமையைச் செய்தீர்கள், தம்பி. செப்டம்பர் முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். துப்பாக்கிக்குப் பூ வைக்கும் நாள் அது" என்றார்.

தோக்குப் பூ

குடகு மாவட்டத்தில் ரெயில் பாதை கிடையாது. ரெயில்வேக்காரனான நானும் மைசூரில் பஸ் ஏறி, உன்சூர், கோணிகொப்பல் வழியாகத்தான் போனேன். வழி நெடுகக் காப்பித் தோட்டம். மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அப்போதுதான் விட்ட மழையில் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

அன்று குடகர்களின் கைல்போத் பண்டிகை. கைல் முகூர்த்தம் என்றும் சொல்வார்கள். நமது ஆயுத பூஜை போன்றதுதான். ஆனால் காரணம் வேறு. ஆடி, ஆவணி மழையில் நடவு வேலை நடக்கும்போது ஆயுதங்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். நடவு முடிந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, பூசை செய்து, மறுபடி கையில் எடுப்பார்கள். நட்ட பயிரைக் காட்டுப்பன்றியிடம் இருந்து காக்க வேண்டுமே!

பெரியவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் துப்பாக்கியும், ஒடிக்கத்தி, பீச்சேகத்தி என்ற வீரவாள்களும் வைத்திருந்தார்கள். சந்தனப் பொட்டு. குத்துவிளக்கு. துப்பாக்கிக் குழலின் வாயில் செக்கச்செவேல் என்று ஒரு பூ. அதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். நம் ஊர் வேலியில் படரும் செங்காந்தள் அது! கார்த்திகைப் பூ என்று நம் கிராமங்களில் சொல்வோம். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். குடகு மொழியில் அதன் பெயர் தோக்குப் பூ. தோக்கு என்றால் துப்பாக்கி.

பூசை முடிந்ததும் எல்லாரும் வெளியே போனோம். உயர்ந்த மரக்கிளையில் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆண்கள் சுட்டார்கள். பெண்களும் சுட்டார்கள். மூன்றாவது வெடியில் தேங்காயைச் சிதறடித்தவர், கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு பெண்மணி. பிறகு பந்திக்கறியும் கடம்புட்டும் விருந்து.

பன்னிரண்டு என்ற கணக்கு

பெரியவரின் துப்பாக்கி 12 போர் இரட்டைக்குழல். இந்த "பன்னிரண்டு" என்ன கணக்கு என்று பல பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் விளக்கினார். ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, சமமாகப் பன்னிரண்டு உருண்டைகள் செய்தால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அந்தக் குழல் 12 போர். இருபது உருண்டை என்றால் 20 போர். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறிதாகும்!

ரைபிளின் குழலுக்குள் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டு நெடுந்தூரம் போகும். இந்தத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. ஒரு தோட்டாவில் பல ஈய ரவைகள் இருக்கும். வெளியே வந்ததும் விரிந்து பாயும். கொஞ்ச தூரத்துக்குத்தான் வேகம். தோட்டக்காரனுக்கு ஏற்றது இதுதான் என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய பேரன், பத்து வயதுப் பையன், துப்பாக்கியைத் தொடப் போனான். பெரியவர் அதட்டவில்லை. துப்பாக்கியை மடக்கித் திறந்தார். இரண்டு குழலும் காலி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, "காலி" என்றான். அதன் பிறகுதான் அவன் கையில் கொடுத்தார்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி நானே பார்த்திருந்தாலும், கையில் வாங்குகிறவன் மறுபடி பார்க்க வேண்டும். எங்க வீட்டு லைசென்சு இதுதான், தம்பி" என்றார். அவர் ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். நீலகிரி வெலிங்டனில் கற்ற தமிழ் அது.

1861 முதல் 2029 வரை

இந்த விலக்கு எப்படி வந்தது? 1834-ல் வெள்ளைக்காரர்கள் குடகைப் பிடித்தார்கள். 1857 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு ஊர் ஊராக மக்களிடம் இருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். ஆனால் 1861-ல் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், குடகர்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இருந்து விலக்கு அளித்தார். பெங்களூரில் கப்பன் பூங்கா என்று நாம் உலாவப் போகிறோமே, அந்தக் கப்பன்தான். விசுவாசத்துக்குக் கொடுத்த வெகுமதி அது.

வெள்ளைக்காரன் போனான். விலக்கு போகவில்லை. சுதந்திர இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவு, பொதுநலன் கருதி சிலருக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன்படி குடகர் இனத்தாருக்கும், ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் விலக்கு தொடர்ந்தது. ஜம்மா என்பது படைச் சேவைக்கு ஈடாக, குறைந்த வரியில் பரம்பரையாகக் கொடுத்த நிலம். 2019 அக்டோபரில் மத்திய அரசு இதை 2029 அக்டோபர் 31 வரை பத்து ஆண்டுகளுக்கு நீட்டியது.

குடகில் 2011 கணக்குப்படி ஐந்தரை லட்சம் பேர். அத்தனை பேருக்கும் இந்த விலக்கு இல்லை. பிறப்பையும் நிலத்தையும் வைத்துச் சலுகை தருவது சமத்துவமா என்று கேட்டு வழக்கும் வந்தது. 2021 செப்டம்பரில் கர்நாடக ஐகோர்ட்டு விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. குடகர்கள் போர் மரபினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இதை அனுபவித்து வருகிறார்கள், விலக்கும் நிரந்தரமானது அல்ல, நிபந்தனைகளோடு பத்து ஆண்டுகளுக்குத்தான் என்று கோர்ட்டு சொன்னது.

சுதந்திர இந்திய ராணுவத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் கரியப்பா குடகர். 1957 முதல் 1961 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த திம்மய்யாவும் குடகர். போர் மரபு என்பது வெறும் பேச்சல்ல.

மற்ற இந்தியர்களின் நிலை வேறு. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு, அமெரிக்காவில் உள்ளது போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று சுட்டிக்காட்டியது. நீங்களோ நானோ துப்பாக்கி வாங்க வேண்டுமானால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காரணம் காட்டி மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். லைசென்சு ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி ஒருவருக்குச் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. அதற்கு முன்பு மூன்று. கல்யாணத்திலும் திருவிழாவிலும் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்றும் அதே திருத்தம் சொல்கிறது.

விலக்கு உள்ளவர்களும் இஷ்டம் போல நடக்க முடியாது. மாவட்டத்துக்கு வெளியே எடுத்துப் போக எண்ணிக்கை வரம்பு உண்டு. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். தாத்தா காலத்து வேட்டைக் கதைகள் இன்று கதைகள்தான். அதனால்தான் மரத்தில் தேங்காய் தொங்குகிறது!

வேலிக்கு அப்பால் ஒரு தமிழர்

பெரியவரின் தோட்டத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு தமிழர். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். தாத்தா காலத்தில் சேலம் பக்கத்தில் இருந்து காப்பித் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். ஒரே மண், ஒரே மழை, ஒரே பன்றி. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் துப்பாக்கிக்கு லைசென்சு தேவையில்லை. அந்தப் பக்கம் தேவை.

"உங்களுக்கு வருத்தம் இல்லையா, அண்ணே?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன், தம்பி. எங்க அப்பா பிறந்ததும் இந்த ஊர்தான். நான் மனுப் போடலே. அலையணும். ஒரு நாள் அலைஞ்சா ஒரு நாள் வேலை போச்சு. வேலியில தகரத்தைக் கட்டித் தட்டுவேன். பன்னிக்கு இப்ப தகரம் பழகிப்போச்சு" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் பெரியவருக்குப் போன் பண்ணுவேன். அவர் திண்ணைக்கு வந்து மேலே பார்த்து ஒண்ணு விடுவார். ஒரு வாரத்துக்குப் பன்னி எட்டிப் பார்க்காது."

"ஒன்று போதுமா?"

மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒண்ணுக்கு மேலே விட மாட்டார், தம்பி. ரெண்டு விட்டா ஊரே ஓடி வந்துடும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடகர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. யாராவது இறந்துபோனால் அடுத்தடுத்து இரண்டு வெடி. டெலிபோன் இல்லாத காலத்தில், மலைக்கு மலை வீடு இருந்த ஊரில், சேதி சொன்னது இந்தச் சத்தம்தான். புத்தரி என்ற அறுவடைத் திருநாளிலும் முதல் கதிரை அறுக்கும்போது ஒரு வெடி உண்டு. சத்தத்தைக் கேட்டு எண்ணுவது அங்கே தாய்மொழி மாதிரி. தமிழ்க் குடும்பங்களும் எண்ணப் பழகிவிட்டன.

இரண்டு சத்தம்

போன மழைக்காலத்தில் ஒரு இரவு மேஸ்திரியிடம் இருந்து எனக்குப் போன் வந்தது. விடியற்காலை பெரியவர் வீட்டுப் பக்கம் இருந்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டதாம். சுட்டது பக்கத்து வீட்டுக் குடகர். பெரியவர் போய்விட்டார். வேலியைத் தாண்டி முதலில் ஓடியவர் மேஸ்திரிதான்.

பதினைந்து நாள் கழித்து நான் துக்கம் விசாரிக்கப் போனேன். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர் மனைவிக்கும் அங்கேயே வேலை. துப்பாக்கியை என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோக மருமகளுக்கு மனமில்லை. பூட்டிய வீட்டில் வைத்துவிட்டுப் போவது அதைவிட ஆபத்து. திருடன் கையில் கிடைத்தால் யார் பதில் சொல்வது? சித்தப்பா வீட்டில் ஒப்படைத்து, அதிகாரிகளிடம் முறைப்படி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

2029-ல் இந்த விலக்கு மறுபடி நீளுமா என்று பலரும் பேசுகிறார்கள். பேச வேண்டிய விஷயம்தான். வேலிக்கு அந்தப் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆனால் உரிமையைக் காகிதத்தில் நீட்டலாம். கூடத்தில் உட்கார்ந்து, குழலைத் திறந்து காட்டி, "காலியா பார்" என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். லைசென்சு கேட்காத துப்பாக்கிக்கு அந்த ஆள்தான் லைசென்சு.

நான் புறப்படும்போது பேரன் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். போடும் முன்பு அதை மடக்கித் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். யாரும் சொல்லவில்லை.

"காலி" என்றான்.

அன்று இரவு மேஸ்திரி வீட்டில் தங்கினேன். நடுநிசியில் பன்றி வந்தது. மேஸ்திரி பழக்கத்தில் போனைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, தகரத்தைத் தட்டப் போனார்.