2-இன் அடுக்கு 10 எப்படி 210 ஆச்சு? பிரவுசரில் கணக்கு ஃபார்முலா படும் பாடு

ஆவடியில் ஏறி சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில், ஃபோனில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இணையப் பக்கத்தில் 2-இன் அடுக்கு 10 என்று கணக்கு வருகிறது. விடை 1,024. அதை அப்படியே காப்பி செய்து நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒட்டுகிறீர்கள். அங்கே விழுவது 210. மேலே சின்னதாக உட்கார்ந்திருந்த 10, இறங்கி வந்து 2-க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கணக்கே மாறிப்போச்சு!

இது உங்கள் ஃபோனின் கோளாறு இல்லை. இணையம் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிற பிரச்சினை.

சிக்கல் எங்கே?

சாதாரண எழுத்து இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் ஓடும். கணக்கு அப்படி ஓடாது. பின்னத்தில் தொகுதி மேலே, பகுதி கீழே. அடுக்கு மேல்மூலையில். வர்க்கமூலக் குறி எத்தனை எழுத்தை மூட வேண்டுமோ அத்தனை தூரம் நீள வேண்டும். ஒன்றின் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

இந்த வேலையிலிருந்து தப்பிக்க இணையதளங்கள் கண்டுபிடித்த சுலபமான வழி, ஃபார்முலாவைப் படமாகப் போட்டுவிடுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரிதாக்கினால் மங்கும், டார்க் மோடில் வெள்ளைக் கட்டமாகத் துருத்தும், தேடினால் கிடைக்காது.

இதெல்லாம் நமக்குச் சின்ன எரிச்சல். சிலருக்கு அது மூடிய கதவு.

பூந்தமல்லிக்குப் போவோம்

பார்வைக் குறைபாடு உடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி பூந்தமல்லியில் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பிரெய்ல் தெரிந்தவர்கள், திரைவாசிப்பான் மென்பொருளின் குரலைக் கேட்டு இணையத்தில் உலவுபவர்கள் எனப் பலரை உருவாக்குகிற ஊர் அது.

திரைவாசிப்பானுக்கு எழுத்து கிடைத்தால் வாசிக்கும். படம் வந்தால், யாராவது விளக்கம் எழுதி வைத்திருந்தால் ஒழிய, ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கணக்குப் பாடத்தில் ஃபார்முலா போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

சரி, எழுத்தாகவே போட்டால் போதுமா? இருபடிச் சமன்பாட்டின் ஃபார்முலாவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி பை 2 ஏ’. இதில் ரூட் எங்கே முடிகிறது? 2 ஏ எதை வகுக்கிறது, முழுவதையுமா, கடைசித் துண்டை மட்டுமா? கண்ணால் பார்ப்பவருக்குக் கோடு சொல்லிவிடும். காதால் கேட்பவருக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் புனேயில் பிறந்த டி.வி.ராமன். 14 வயதில் குளுக்கோமாவால் பார்வையை இழந்தவர். புனேயில் கணிதமும் மும்பை ஐஐடியில் கணினி அறிவியலும் படித்துவிட்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1994-இல் அவர் முடித்த ‘ஆஸ்டர்’ மென்பொருள், லேடெக் முறையில் எழுதிய ஃபார்முலாக்களை உரக்கப் படித்தது. அடுக்கு வந்தால் குரலின் சுருதி ஏறும், கீழ்க்குறி வந்தால் இறங்கும். தாளில் இருந்த மேடு பள்ளத்தை அவர் குரலுக்குக் கொண்டுவந்தார். ராமன் பின்னர் கூகுளில் சேர்ந்தார்.

அவருடைய வேலை சொன்ன பாடம் இதுதான்: ஃபார்முலா எப்படித் தெரிகிறது என்பதைவிட, அதன் உள்ளே எது எதற்குச் சொந்தம் என்ற விவரம் கணினியிடம் இருக்க வேண்டும்.

பிரவுசர்கள் என்ன செய்தன?

அந்த விவரத்தைச் சுமக்கும் மொழிதான் மேத்எம்எல். ‘இது பின்னம், இது தொகுதி, இது பகுதி’ என்று ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் வைத்து எழுதுவது. 1998 ஏப்ரலில் டபிள்யூ3சி அமைப்பு இதைத் தரமாக அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் ஆரம்ப காலத்திலேயே ஏற்றுக்கொண்டது.

குரோம்தான் இழுத்தடித்தது. 2013 தொடக்கத்தில் 24-ஆம் பதிப்பில் சேர்த்தார்கள், அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக் கவலை காரணமாகச் சொல்லப்பட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் புதிதாக எழுதிக் கொடுத்த பிறகு, 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்பில் திரும்ப வந்தது. தரம் வந்து கிட்டத்தட்ட 25 வருஷம் கழித்து!

இடைப்பட்ட காலத்தில் பாரத்தைச் சுமந்தவை மேத்ஜாக்ஸ், கான் அகாடமி 2014-இல் வெளியிட்ட கேடெக் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள். லேடெக்கில் எழுதியதைப் பக்கம் திறக்கும்போதே ஃபார்முலாவாக வரைந்து தருவது இவற்றின் வேலை. இன்றும் பல கல்வித் தளங்கள் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

இப்போது நிலைமை என்ன?

கதவு திறந்துவிட்டது, உள்ளே போவதுதான் பாக்கி. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ. மேத்கேட் மென்பொருளின் துணையோடு அது மேத்எம்எல் ஃபார்முலாவைத் துண்டு துண்டாக வாசிக்கும், பிரெய்லாகவும் தரும். ஆனால், தளத்தில் இருப்பது வெறும் படமென்றால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு குறை பாக்கி: கணித எழுத்துரு இல்லாத ஃபோன்களில் ரூட் குறியும் அடைப்புக்குறியும் சரியாக நீளாமல் போகலாம். தளமே அந்த எழுத்துருவைச் சேர்த்து அனுப்பினால் சரியாகிவிடும்.

நீங்கள் படிக்கும் தளம் எப்படி என்று தெரிய வேண்டுமா? ஃபார்முலா மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ‘படத்தைச் சேமி’ என்று வந்தால், அது படம். அந்தத் தளத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அம்பத்தூர் ஐடி அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து அப்படியொரு தளத்தைக் கட்டுகிறவர் நீங்களே என்றால், இன்னும் நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு உள்ளடக்கம் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் படத்தை எடுத்துவிட்டு மேத்எம்எல் வைத்தால், பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பூந்தமல்லியில் ஒரு மாணவர் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடியும்.