பேடாக்குக்குள்ள போய்ப் பாத்துடலாம், வாங்க!

விழுப்புரத்துக்காரர்களே, ரேஸ் பார்க்க மொனாக்கோ போக வேண்டியதில்லை! திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோயிலில் இடதுபக்கம் திரும்புங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அதற்கு அடுத்து இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் ரேஸ் டிராக்: 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். முதல் வளைவான சி-1இல் கார்கள் நுழையும் வேகத்தைப் பார்த்தால் நம் கால் தானாக பிரேக்கைத் தேடும்!

எனக்கு உயிர் இங்கே நடக்கும் டூரிங் கார் ரேஸ்தான். ஏன் தெரியுமா? ஓடுவதெல்லாம் நம் தெருவில் நின்ற கார்கள்! மாருதி எஸ்டீம், ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஷோரூமை விட்டுப் போய் வருஷக்கணக்கான பிறகும் எஸ்டீம் இங்கே சீறிக்கொண்டுதான் இருந்தது.

பேடாக்கில், அதாவது கார்களைத் தயார் செய்யும் இடத்தில், நிற்கும் ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். பின் சீட் இல்லை, கார்பெட் இல்லை, ஏசி இல்லை. எடையைக் குறைக்க எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, கார் உருண்டாலும் கூரை நசுங்காதபடி இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றை வெல்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கெட் சீட், தோளையும் இடுப்பையும் இறுக்கிக் கட்டும் பெல்ட், தீயணைப்பான். வெளியே நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர் தெரிகிறதா? அங்கேதான் கில் சுவிட்ச்! விபத்து நடந்தால் ஓடி வரும் மார்ஷல் அதைத் தட்டி மின்சாரத்தைத் துண்டிப்பார். சென்னை வெயிலில், ஏசி இல்லாத இந்தக் கூண்டுக்குள், தீப்பிடிக்காத உடையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். நினைத்தாலே வியர்க்கிறது!

செக்கர்ட் கொடி விழுந்ததும் ரேஸ் முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஜெயித்த கார் நேராகப் பூட்டிய வளாகத்துக்குப் போகிறது. சொந்த மெக்கானிக்கூடத் தொடக்கூடாது. எடை பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்ப்பார்கள். விதிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கோப்பை கைவிட்டுப் போகும். என்னைக் கேட்டால், பந்தயத்தைவிடப் பதற்றமான நேரம் இதுதான்!

இத்தனைக்கும் விதை, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் விழுந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஃபியட், ஹெரால்டு, பின்னாளில் சிபானி டால்பின் என்று கார்களை விரட்டவிட்டது. கூட்டம் அலைமோதியது. ஆனால் இரவல் ஓடுதளத்தில் எத்தனை காலம்? இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் கட்டி 1990இல் திறந்தார்கள். ஒரு கிளப், தன் முயற்சியில்! அதே தார்ச்சாலையில் ஓடித்தான் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கோவைக்காரர் அர்ஜுன் பாலு இந்தியன் டூரிங் கார்ஸ் பட்டத்தைப் பலமுறை அள்ளினார்.

அடுத்த சீசன் தேதியை கிளப்பில் கேட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். காதில் வைக்கப் பஞ்சு மட்டும் மறக்காதீர்கள்!